கடல் கடந்து கற்ற ஜானகி அம்மாள்

தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தார். சென்னையில் பயின்று, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையானார்.

பெண்ணுக்குத் திருமணமே எல்லை என்றிருந்த காலம் அது. பார்பர் என்ற அமெரிக்க வழக்கறிஞர், ஆசியப் பெண்கள் கற்பதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 1917-இல் நன்கொடை அளித்திருந்தார். அந்த உதவித்தொகையே ஜானகி அம்மாளைக் கடல் கடக்க வைத்தது. அங்கே 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கற்றதைத் தாயகத்துக்கே தந்தார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, கரும்பைப் பிற புல்லினங்களோடு இணைத்துக் கலப்பினங்களை உருவாக்கினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1984-இல் மறைந்தார்.

தோழியரே! முகமறியாத ஒருவர் கொடுத்த பொருள் நம் நாட்டுக் கரும்பு ஆராய்ச்சிக்கு உதவியது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களைக் காணும்போது இதை நினைப்போம். உதவி எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக் கற்போம். கற்றதை ஊருக்குத் திருப்பித் தருவோம்.