பதவி துறந்த அதிபர்

எல்கடுவ மலைப்புறத்திலே வாழும் எம்மவர்க்கு உத்தியோகம் என்பது இலேசாகக் கிட்டும் பொருளன்று. கொழுந்து பறித்துச் சேர்த்த காசிலே பிள்ளையைப் படிப்பிக்கும் தாய்க்கு, அவன் ஒருநாள் ஆசிரியனாவான் என்பதே பெருங்கனவு. ஆகவே, கல்லூரி அதிபராயிருந்த ஒருவர் அப்பதவியைத் தாமே விட்டுச் சென்றார் எனக் கேட்டால், ஏன் விட்டார் என்ற வினாவே எங்கள் வீடுகளில் முதலில் எழும். சுவாமி விபுலாநந்த அடிகளாரின் சரிதத்தை அவ்வினாவோடு நோக்க விழைகின்றோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தார். பிள்ளைத்திருநாமம் மயில்வாகனன். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விற் சித்தியெய்தினார். பின்னர்க் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் போதித்தபின், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக அமர்ந்தார். அக்காலத்தில் ஒரு தமிழிளைஞர் எட்டக்கூடிய உயர்ந்த படிகளுள் அஃது ஒன்று.

அப்படியிலிருந்து 1922இல் இறங்கினார். சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே பிரமசாரியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. நேற்றுவரை ஆசிரியர்களுக்குக் கட்டளையிட்டவர், இன்று மடத்தின் நியமங்களுக்கு அடங்கி வேதாந்தம் பயிலும் மாணவரானார். பிரபோத சைதன்யர் என்னும் புதுப்பெயரும் பூண்டார். வேதியியலைக் கற்பித்தவர் உபநிடதங்களை முதலிலிருந்து கற்கப் புகுந்தமை எளிய காரியமாக எமக்குத் தோன்றவில்லை. பட்டம் பெற்றபின் மறுபடியும் பாடங்கேட்க அமர்வதற்கு எத்துணை அடக்கம் வேண்டும் என்பதைப் பழைய மாணவராகிய நாம் நன்கறிவோம்! மடத்தின் வெளியீடுகளாகிய இராமகிருஷ்ண விஜயத்துக்கும் வேதாந்த கேசரிக்கும் ஆசிரியப்பணி செய்தமையும் அப்பயிற்சியின் பகுதியே.

1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று, பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவளித்து விபுலாநந்தர் எனப் பெயரிட்டார்.

மீண்டு வந்த அடிகளார் காட்டுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பேணினார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இல் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக்கியது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவ்வாறே செய்தது. உத்தியோகத்தை வெறுத்தவராயின் இவற்றை ஏற்றிருப்பாரா? அவர் விட்டது வேலையை அன்று, தமக்கென உழைப்பதையே என்பது எமது துணிபு.

விஞ்ஞானக் கல்வியும் வீண்போகவில்லை. மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதிகளையும் கணிதவழி ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே அடிகளார் மறைந்தார். திருமேனியை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று, பிள்ளைகள் வந்துபோகும் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைத்தனர்.