துடைப்பம் பிடித்த கையில் தூரிகை



நம் ஆலயத்தை நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் சகோதரியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கு இறைவன் அளித்துள்ள கொடை என்னவென்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பிரான்சு நாட்டு ஓவியர் செராபின் லூயி அவர்களின் வாழ்வு நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

1864-ஆம் ஆண்டு வட பிரான்சின் ஆர்சி என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் செராபின். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அக்காவின் பராமரிப்பில் வளர்ந்து, ஆடு மேய்த்தார். பின்னர் கிளேர்மோன் நகரில் அருட்சகோதரிகளின் மடத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வீட்டு வேலை செய்தார். அதன்பின் சான்லிஸ் நகரில் பல வீடுகளில் துணி துவைத்து, தரை துடைத்துப் பிழைத்தார்.

ஓவியப் பள்ளியின் வாசலை அவர் மிதித்ததே இல்லை. ஆயினும் வரையும்படி தன் காவல் தூதர் பணித்ததாக அவர் நம்பினார். பகலெல்லாம் பிறர் வீட்டு வேலை. இரவில் தன் சிறிய அறையில் விளக்கொளியில் ஓவியம். வீட்டுக்குப் பூசும் பெயிண்ட்டில் தானே சில பொருள்களைக் கலந்து வண்ணம் தயாரித்தார். அக்கலவையின் இரகசியத்தை யாருக்கும் சொல்லவில்லை.

அவர் வரைந்தவை பழங்கள், பூக்கள், இலைகள், மரங்கள். ஆனால் கண்டதை அப்படியே வரையவில்லை. அவருடைய இலைகள் இறகுகளாகவும் தீச்சுடர்களாகவும் விழித்த கண்களாகவும் மாறித் துணி முழுவதையும் நிறைத்தன. படைப்பு முழுவதும் இறைவனைப் புகழ்கிறது என்று நாம் செபிக்கிறோமே, அதை அவர் வண்ணத்தில் செபித்தார். அவருடைய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றின் பெயரே ‘சொர்க்கத்தின் மரம்’ என்பதுதான்.

1912-ஆம் ஆண்டு சான்லிஸில் தங்கியிருந்த செர்மானியக் கலை ஆர்வலர் வில்ஹெல்ம் ஊடே, ஒரு வீட்டில் ஆப்பிள் பழங்களின் ஓவியத்தைக் கண்டு வியந்தார். வரைந்தவர் யார் என்று விசாரித்தபோது, தன் வீட்டைத் துடைக்க வரும் பெண்ணே அவர் என்று தெரிந்தது! பிக்காசோவின் ஓவியங்களைத் தொடக்கத்திலேயே மதித்து வாங்கியவர் ஊடே. அவருக்கே தன் வீட்டிலிருந்த ஓவியரைத் தெரியவில்லை.

1914-இல் போர் மூண்டதால் ஊடே பிரான்சை விட்டு வெளியேறினார். 1927-இல் மீண்டும் செராபினைக் கண்டு உதவினார். இரண்டு மீட்டர் உயரத் துணிகளில் செராபின் வரைந்தார், புகழும் வந்தது. ஆனால் 1930-இல் பொருளாதார நெருக்கடியால் அந்த உதவி நின்றது. செராபினின் மனநலம் குலைந்தது. 1932-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன்பின் தூரிகையைத் தொடவில்லை.

இங்குதான் நம் உள்ளம் கனக்கிறது. செராபின் 1934-இல் இறந்துவிட்டதாக ஊடே எழுதினார். ஆனால் அவர் மேலும் எட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். செர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சின் மனநல மருத்துவமனைகளில் பல்லாயிரம் நோயாளிகள் பசியால் மடிந்தனர். அந்த நாள்களில், 1942 டிசம்பர் 11 அன்று, செராபினும் இறந்தார். பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று அவருடைய ஓவியங்கள் சான்லிஸ் அருங்காட்சியகத்தை அலங்கரிக்கின்றன. 2008-இல் அவரைப் பற்றித் திரைப்படமும் வெளிவந்தது.

அன்பர்களே, வரைந்தவரை உலகம் அவரைத் தேடியது. வரைய முடியாதபோது, உயிரோடு இருக்கையிலேயே அவர் இறந்தவராகிவிட்டார். நாமும் இப்படித்தானே செய்கிறோம்? பாடகர் குழுவில் பாடிய குரல் தளர்ந்ததும், மறைக்கல்வி கற்பித்த ஆசிரியர் படுக்கையில் விழுந்ததும், அவர்கள் வீட்டுப் பக்கம் நாம் செல்வதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் வந்தால் அவர் பெயரைச் சொல்லவும் கூசுகிறோம். பங்குப் பணியாளர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆண்டவரோ ஒருவர் செய்து தரும் வேலைக்காக அவரை அன்பு செய்வதில்லை. மருத்துவமனையில் வெறுங்கையோடு அமர்ந்திருந்த செராபினும் அவருக்கு அதே அன்பு மகள்தான்.

இந்த வாரம் ஆலயம் துடைக்கும் சகோதரியிடம் பெயர் கேட்டுப் பேசுவோம். நாம் மறந்துபோன நோயாளி ஒருவரின் கதவைத் தட்டுவோம். அங்கே நமக்காகக் காத்திருப்பவர் ஆண்டவரே.