ஜப்பானியர் போற்றிய ஆங்கில மீகாமன்
வில்லியம் ஆடம்ஸ் சரித்திரச் சுருக்கம்

பெருங்கடல்களால் பிரிவுற்ற இரண்டு தேசங்கள் ஒன்றையொன்று அறிந்து நட்புக் கொள்ளுதல், அரசர் எழுதும் திருமுகங்களால் மாத்திரம் நிகழ்வதன்று. அத்திருமுகத்தை ஏற்பிக்கவும், அதன் கருத்தை உள்ளவாறு எடுத்துரைக்கவும், இரு திறத்தாரும் நம்பத்தக்க ஒருவர் இடையே நிற்றல் வேண்டும். அத்தகைய மனிதர் இல்லாவிடத்துத் தூதும் உடன்படிக்கையும் வெறுங் காகிதமாய் ஒழியும். இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் முதன்முதல் தொடர்பு உண்டாக்கிய வில்லியம் ஆடம்ஸ் என்பாரின் சரித்திரத்தினும் சிறந்த சான்று வேறில்லை என்று கருதி, அதனை நம்மவர் முன் ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

ஆடம்ஸ் இங்கிலாந்தின் கெண்ட் நாட்டிலுள்ள ஜில்லிங்காம் என்னும் ஊரிற் பிறந்து, 1564-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றார். செல்வமும் குலப்பெருமையும் உடைய குடும்பத்தினர் அல்லர். பன்னிரண்டாம் வயதில் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த லைம்ஹவுஸ் என்னுமிடத்தில் கப்பல் கட்டும் ஆசான் ஒருவரிடம் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் தொழில் பயின்றார். மரமறுத்துக் கப்பல் கட்டுதலோடு, விண்மீன் நோக்கித் திசையறிதலும், கடற்படம் வரைதலும், கணிதமும் கற்றுத் தேர்ந்தார். 1588-இல் ஸ்பானியர் பெருங்கடற்படையோடு இங்கிலாந்தின் மேல் வந்தகாலை, ஆங்கிலக் கடற்படைக்கு வேண்டும் பொருள்களை ஏற்றிச் சென்ற சிறு கப்பலொன்றை இவர் நடத்தினார். மறு ஆண்டில் மேரி என்பாளை மணந்து இல்லறம் நடத்திவந்தார்.

1598-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒல்லாந்து தேசத்து வணிகர் சிலர், தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள மகெல்லன் நீரிணை வழியாகக் கீழ்த்திசை செல்லுமாறு ஐந்து கப்பல்களை ராட்டர்டாம் துறையினின்றும் அனுப்பினர். ஆடம்ஸ் அவற்றுக்கு மீகாமராய் அமர்ந்து, தம் தம்பி தாமஸையும் உடன் கொண்டு சென்றார். அப்பிரயாணம் துன்பத்துக்கெல்லாம் ஓர் எல்லையாய் முடிந்தது. ஆப்பிரிக்கக் கரையில் காய்ச்சலாற் பலர் மாண்டனர். நீரிணையின் கடுங்குளிரிற் பசியாலும் பனியாலும் பலர் மடிந்தனர். புயலாற் கப்பல்கள் சிதறுண்டன. சில்லி தேசத்துக் கரையோரத்தில் உணவு தேடி இறங்கியவர் கொலையுண்டபொழுது தாமஸும் உயிரிழந்தார். எஞ்சியோர் எவ்விடஞ் செல்வதென ஆராய்ந்தகாலத்து, தாம் கொணர்ந்த கம்பளித்துணி வெப்ப நாடுகளில் விலைபோகாது, குளிர் மிக்க ஜப்பானிலேயே விலைபோகும் என்று துணிந்து, பசிபிக் பெருங்கடலிற் கப்பலைச் செலுத்தினர்.

ஐந்து கப்பல்களுள் ‘அன்பு’ எனப் பொருள்படும் லீப்டெ என்னும் ஒரு கப்பலே 1600-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானின் பூங்கோ நாட்டுக் கரையை அடைந்தது. நூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஏறிச் சென்ற அக்கப்பலில் அப்பொழுது உயிரோடிருந்தோர் 24 பேரே. அவருள்ளும் எழுந்து நிற்கும் வலியுடையார் சிலரேயாவர்.

கரை சேர்ந்தும் உயிர்ப்பயம் நீங்கிற்றில்லை. ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாணிகமும் மதப்பிரசாரமும் செய்துவந்த போர்த்துக்கீசியர், இவர்கள் கடற்கொள்ளைக்காரர் என்றும் கொல்லத்தக்கவர் என்றும் முறையிட்டனர். அந்நாளில் அந்நாட்டின் பெருந்தலைவர்களுள் முதன்மையாய் விளங்கிய டோக்குகாவா இயெயாசு என்பவர், ஆடம்ஸை ஒஸாக்கா நகருக்கு வருவித்து, அவர்தம் தேசம், மதம், போர், வந்த வழி முதலிய யாவற்றையும் வினவினார். ஆடம்ஸ் உலகப்படத்தை விரித்து, தாம் கடந்துவந்த நீரிணையைக் காட்டி, வாணிகத்தின் பொருட்டே வந்ததாக விண்ணப்பித்துக் கொண்டார். ஏறக்குறைய ஆறு வாரம் சிறையில் வைத்துப் பலமுறை விசாரித்தபின், தமக்கும் தம் நாட்டாருக்கும் யாதொரு தீங்கும் இழைத்திராத இவர்களைப் பிறர் பகைமை கருதிக் கொல்லுதல் நீதியன்றென இயெயாசு தீர்ப்பளித்தார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் செக்கிகஹாரா போர்க்களத்தில் வெற்றியடைந்த இயெயாசு, 1603-இல் ஷோகன் பதவியை ஏற்றார். அந்நாளில் சக்கரவர்த்தி பெயரளவில் வீற்றிருக்க, நாட்டை உள்ளபடி ஆண்டவர் ஷோகனே ஆவர். அவர் ஆணைப்படி ஆடம்ஸ், ஐரோப்பிய முறையில் 80 டன் அளவுள்ள கப்பலொன்றை இட்டோ என்னும் துறையிற் கட்டினார். பின்னர் 120 டன் அளவில் மற்றொன்றும் கட்டினார். ஜப்பான் கரையில் உடைந்த கப்பலிலிருந்து தப்பிய ஸ்பானிய அதிகாரியாகிய ரொட்ரிகோ தெ விவெரோ என்பார், 1610-இல் அவ்விரண்டாங் கப்பலிலேயே பசிபிக் கடல் கடந்து மெக்ஸிகோ சேர்ந்தார். தம் நாட்டுக்கு முன்பு பகைவராயிருந்த ஸ்பானியருக்கும் தம் கைத்தொழில் உதவிற்று என்பதை நோக்குக.

இயெயாசு இவரிடம் க்ஷேத்திர கணிதமும் பிறவும் கேட்டறிந்தார். அந்நியர் சம்பந்தமான காரியங்களில் இவர் யோசனையைக் கேட்டும் வந்தார். மியுரா நாட்டில் ஹெமி என்னும் ஊரை இவருக்கு மானியமாக வழங்கி, இரண்டு வாள் தரிக்கும் வீரர் வரிசையிலும் சேர்த்தார். அந்நாள் முதல் இவர் மியுரா அஞ்சின் எனப் பெயர் பெற்றார். அஞ்சின் என்பது மீகாமன் எனப் பொருள்படும்.

இத்துணைச் சிறப்பிருந்தும் ஆடம்ஸ் நெஞ்சில் ஒரு முள் தைத்தே இருந்தது. மனைவி மக்கள் இங்கிலாந்திற் காத்திருந்தனர். பன்முறை விடை வேண்டியும் இயெயாசு உடன்பட்டாரில்லை. கப்பல் தலைவராகிய குவாக்கர்நாக்கும், சாந்த்வோர்ட் என்பாரும் 1605-இல் விடைபெற்றுப் போயினர், ஆடம்ஸ் நின்றுவிட்டார். காலஞ் செல்ல, ஜப்பானிய மாது ஒருத்தியை மணந்து, ஜோசப், சூசன்னா என்னும் இரு மக்களைப் பெற்றார். எனினும் முதல் மனைவியை மறந்தாரல்லர். ஆங்கிலேயர் ஜாவாத் தீவிலுள்ள பாண்டம் துறையில் வாணிகம் செய்கின்றனர் என்று கேள்வியுற்று, முகமறியாத அந்நாட்டாருக்கு 1611-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நீண்ட கடிதமெழுதித் தம் வரலாற்றைத் தெரிவித்து, தம் குடும்பத்தாருக்குச் செய்தி சொல்லுமாறு வேண்டினார். இதற்கிடையே 1609-இல் வந்த ஒல்லாந்தருக்கு ஹிராடோ தீவில் வாணிகசாலை அமைக்கும் உரிமை கிடைத்ததற்கும் இவரே பெருந்துணையாயினார்.

1613-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கிளோவ் என்னும் கப்பல் ஹிராடோவை அடைந்தது. அதன் தலைவர் ஜான் சாரிஸ், முதலாம் ஜேம்ஸ் அரசரின் திருமுகத்தைக் கொணர்ந்திருந்தார். ஆடம்ஸ் வந்து அவரைச் சந்தித்து, அக்காலத்து இயெயாசு வாசம்செய்த சுன்பு நகருக்கு அழைத்துச் சென்றார். செப்டம்பர் மாதத்தில் திருமுகம் சமர்ப்பிக்கப்பட்டது. ஆடம்ஸ் இடைநின்று யாவற்றையும் விளக்கினார். ஜப்பானின் எத்துறையிலும் தீர்வையின்றி வாணிகம் செய்யவும், எடோ நகரில் வீடு கட்டவும், தம் குற்றங்களைத் தம் தலைவரே விசாரித்துக்கொள்ளவும் ஆங்கிலேயருக்கு உரிமையளித்துச் செம்முத்திரைச் சாசனம் வழங்கப்பெற்றது. இயெயாசுவின் மைந்தரும் அப்பொழுது ஷோகனாயிருந்தவருமாகிய ஹிடெட்டாடா, ஜேம்ஸ் அரசருக்கு இரண்டு போர்க்கவசங்களைப் பரிசாக அனுப்பினார். இரு நாட்டின் நட்புக்கு அஃதே முதலாதல் காண்க.

ஆனால், பெற்ற நன்மையைப் பேணும் அறிவு சாரிஸிடம் போதியதாக இல்லை. ஆடம்ஸ் ஜப்பானிய உடையும் ஒழுக்கமும் மேற்கொண்டிருத்தலையும், அந்நாட்டாரைப் புகழ்ந்து பேசுதலையும் கண்டு அவர் அருவருப்புற்றார். வாணிகசாலையை எடோவுக்கு அணித்தாகிய உராகா துறையில் அமைத்தல் நலமென ஆடம்ஸ் வற்புறுத்தினார். ஷோகன் இருக்கைக்கு அண்மையும், போட்டியாளர் இன்மையும் அதன் சிறப்புக்களாம். சாரிஸோ அதனை ஏலாது, ஒல்லாந்தர் முன்னரே வேரூன்றியிருந்த ஹிராடோவையே தெரிந்துகொண்டார். பதின்மூன்று ஆண்டுகள் அந்நாட்டிலேயே வாழ்ந்தறிந்தவர் கூற்றைச் சில மாதமே தங்கியவர் தள்ளியது எத்துணைப் பேதைமை! சரக்குத் தெரிவும் பொருந்தியதாக இல்லை. ஜப்பானியர் பெரிதும் விரும்பியது சீனப் பட்டு நூலையே. ஆங்கிலேயர்க்கோ சீன வாணிகம் கைகூடவில்லை. கம்பளித்துணி எதிர்பார்த்தவாறு விற்கவுமில்லை.

அவ்வாண்டில் ஆடம்ஸுக்கு ஊர் திரும்பும் விடையும் கிடைத்தது. எனினும் சாரிஸின் கப்பலில் அவர் ஏறவில்லை. சாரிஸ் காட்டிய இகழ்ச்சியும், கைப்பொருளின்றித் திரும்ப மனமின்மையும் அதற்குக் காரணங்களாம். ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியத்துக்குக் கம்பெனிப் பணியில் அமர்ந்தார். ஹிராடோ சாலைத் தலைவர் ரிச்சர்டு காக்ஸ் என்பாருடன் ஒத்துழைத்து, ரியூக்கியூத் தீவுகளுக்கும், சயாமுக்கும், கொச்சின் சீனாவுக்கும் கப்பல் செலுத்தினார். ரியூக்கியூவிலிருந்து இவர் கொணர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை 1615-இல் காக்ஸ் ஹிராடோவில் நட்டுப் பயிரிட்டார்.

1616-ஆம் ஆண்டு இயெயாசு காலமானார். ஹிடெட்டாடா அந்நியர்பால் ஐயமுடையவர். ஐரோப்பியர் வாணிகத்தை ஹிராடோ, நாகசாக்கி என்னும் இரு துறைகளுக்குள் அவர் அடக்கினார். முன்பு அழையாமலே அரண்மனை புகுந்த ஆடம்ஸ், பின்னர் வாயிலிற் காத்திருக்கும் நிலைமை எய்தினார். ஒருவர் அன்பையே பற்றுக்கோடாகக் கொண்ட உரிமை அவரோடே தேய்ந்தது.

1620-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், ஆடம்ஸ் ஹிராடோவில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர்க்கு வயது 55. தம் பொருளில் ஒரு பாதி இங்கிலாந்திலுள்ள மனைவிக்கும் மகளுக்கும், மற்றொரு பாதி ஜப்பானிலுள்ள மக்களுக்கும் சேர்தல் வேண்டுமென மரண சாசனம் எழுதி வைத்தார். அவர்தம் வாள்களைக் காக்ஸ் மைந்தன் ஜோசப் கையிற் கொடுத்தபொழுது கண்ணீர் பெருகிற்று என்பது அவர் நாட்குறிப்பால் அறியப்படும். இருபத்திரண்டு ஆண்டுகள் கணவன் முகங்காணாதிருந்த மேரியின் துயர் எந்நாட்குறிப்பிலும் ஏறவில்லை.

மீகாமன் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1623-இல், நட்டம் பொறாது ஆங்கிலேயர் வாணிகசாலையை மூடிச் சென்றனர். 1673-இல் ரிட்டர்ன் என்னும் கப்பலில் மீண்டும் வந்தபொழுது, தங்கள் அரசர் போர்த்துக்கல் அரசகுமாரியை மணந்தவர் என்னுங் காரணத்தால் திருப்பியனுப்பப்பட்டனர். பின்னர் 1854-இல் நாகசாக்கியிலும், 1858-இல் எடோவிலும் செய்த உடன்படிக்கைகளாலேயே தொடர்பு புதுப்பிக்கப்பட்டது. 1902-இல் இரு நாடுகளும் தோழமை ஒப்பந்தம் செய்தன. 1923-இல் அது முடிவுற்றது. 1941-இல் பெரும்போர் மூண்டு இரண்டும் பகைவராயின. 1952-இல் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் மீண்டும் நண்பராயின.

இத்துணை மாறுதல்களுக்கிடையிலும் ஆடம்ஸ் நினைவு அழியவில்லை. ஹெமி இருந்த யொக்கொசூக்கா நகரத்துக் குன்றின்மேல் அவருக்கும் அவர்தம் ஜப்பானிய மனைவிக்கும் நினைவுக் கற்கள் நிற்கின்றன. கப்பல் கட்டிய இட்டோவில் ஆண்டுதோறும் அவர் பெயரால் விழா நடைபெறுகின்றது. பிறந்த ஜில்லிங்காமில் 1934-இல் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. 2017-இல் ஹிராடோவில் அகழ்ந்தெடுத்த எலும்புகளை ஆராய்ந்த அறிஞர், அவை ஆடம்ஸுடையனவாதல் பெரிதும் கூடும் என 2020-இல் வெளியிட்டனர்.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. அயல்நாடு சென்றோர் அந்நாட்டு மொழியையும் ஒழுக்கத்தையும் மதித்துக் கற்றாலன்றி நம்பிக்கை பெறார் என்பது ஒன்று. தலைமையிடத்திலிருந்து ஆணையிடுவோர், களத்தில் நின்று அறிந்தவர் சொல்லைச் செவிக்கொள்ளாவிடின், பெற்ற நம்பிக்கையும் பயன்படாது போம் என்பது மற்றொன்று. கடல் கடந்து தொழில் செய்வாரை ஒவ்வொரு குடும்பத்திலும் உடைய நம் மரபினர், இவ்விரண்டனையும் மறத்தலாகாது. அவ்வாறு சென்றவர் ஈட்டிய பொருளைக் கணக்கிடுங்கால், அவர் வரவு நோக்கி வாயிலில் நிற்கும் மேரி போன்றாரையும் நம் சங்கத்தார் நினைத்தல் வேண்டும். ஆடம்ஸ் இறுதியில் தம் பொருளைச் சரிபாதியாகப் பகுத்தார்; தாம் வாழ்ந்த நாட்களை அவ்வாறு பகுக்க அவரால் இயலவில்லை.