தனித்து நின்ற சிப்பாய்

இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்தில் நக்வா என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு பிறந்தவர் மங்கள் பாண்டே. தம் 22ஆம் அகவையில் ஆங்கிலேயக் கிழக்கிந்திய வணிகக்குழுவின் வங்காளப் படையில் சேர்ந்தார். கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் பாசறை அமைத்திருந்த 34ஆம் காலாட்படைப் பிரிவில் எளிய சிப்பாயாகப் பணியாற்றினார்.

குமுறலின் வேர்கள்

சிப்பாய்களின் உள்ளத்தில் குமுறல் நெடுநாளாகவே வளர்ந்து வந்தது. அவர்தம் மாத ஊதியம் ஏழு ரூபாய். எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் சுபேதார் பதவிக்கு மேல் இந்தியர் உயர இயலாது. 1856இல் அயோத்தி அரசை வணிகக்குழு தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. சிப்பாய்கள் பலருக்கு அதுவே தாய்நிலம். அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், புதிதாகப் படையில் சேர்வோர் கடல் கடந்து செல்லவும் இசைய வேண்டும் என்றது. கடற்பயணம் குலவொழுக்கத்தைக் கெடுக்கும் என்று நம்பியோர் கலங்கினர்.

இந்நிலையில் என்ஃபீல்டு துப்பாக்கி அறிமுகமானது. அதன் தோட்டா உறையைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். உறையில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தி பாசறைதோறும் பரவியது. இந்துக்கள், இசுலாமியர் ஆகிய இரு சாராரின் நம்பிக்கையும் ஒருசேரப் புண்பட்டது. 1806இல் வேலூர்க் கோட்டையில் தோலாலான குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை மூட்டிய சினத்தை ஒத்தது இது.

பாரக்பூர் நிகழ்வு

1857 மார்ச் 29 அன்று மங்கள் பாண்டே துப்பாக்கியுடன் அணிவகுப்புத் திடலுக்கு வந்து, தோழர்களைப் போருக்கு அழைத்தார். தடுக்க வந்த ஆங்கில அதிகாரிகள் இருவரைத் தாக்கினார். தோழர்கள் எவரும் அவருடன் படைக்கலம் ஏந்தவில்லை. ஆயினும், ஷேக் பல்ட்டு என்பவரைத் தவிர, அவரைப் பிடிக்கவும் எவரும் முன்வரவில்லை. கைது செய்யுமாறு ஆணையிடப்பட்டும் காவற்பிரிவின் ஜமேதார் ஈசுவரி பிரசாத் அசையாது நின்றார். இறுதியில் மங்கள் பாண்டே தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு காயமுற்றார்.

ஏப்ரல் 8 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். ஆணையை மறுத்த ஈசுவரி பிரசாத்துக்கும் அம்மாதமே அதே தண்டனை கிடைத்தது. மே மாதத் தொடக்கத்தில் 34ஆம் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. தண்டனைகள் அச்சத்தை விதைக்கும் என ஆட்சியாளர் எண்ணினர். ஆனால் மே 10 அன்று மீரட் நகரச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்; மறுநாளே தில்லியை அடைந்தனர். பாரக்பூர் திடலில் வீரர்கள் காத்த மௌனத்தின் பொருள் அன்று ஆட்சியாளருக்கு விளங்கியது.