பஸ்ஸில் எல்லோரும் ஏறலாம்: லைசென்ஸை வைத்துச் சாதித்த சௌந்தரபாண்டியனார்

கமுதி பஸ்ல இன்னைக்கு யாரும் ஏறலாம், காலி சீட்ல உட்காரலாம். 1920-களில் அப்படி இல்லை. அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பஸ்கள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தன.

அதை மாற்றியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1893-ல் பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். 1920-களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரானார். பஸ் ஓட்ட போர்டின் லைசென்ஸ் வேண்டும். அதையே பிடித்துக்கொண்டார்: ஆளை ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார்.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1953-ல் மறைந்தார். நாம ஷாப்பிங் போகும் சென்னை பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கு.

உள்ளாட்சி விதின்னா அபராதமும் அனுமதிச் சீட்டும் மட்டுமல்ல. பொது இடம் யாருக்கெல்லாம் பொது என்பதையும் அதை வைத்தே உறுதி செய்யலாம்.