வசிலி நெஸ்தெரென்கோ: குழந்தைகளின் உடலிலே அணுவை அளந்தவர்

அளவை நூல் கற்பிக்கும்போதெல்லாம், மலையிற் புகை கண்டு அங்கே நெருப்புண்டெனத் துணியும் பழைய உதாரணத்தையே யான் எடுத்தாண்டு வந்தேன். சென்ற தவணையில் மாணாக்கனொருவன் எழுந்து, புகையும் இன்றி, சூடும் இன்றி, நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாத நெருப்பொன்று உண்டாயின் அதனைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் எதனால் அறிவது என்று வினாவினான். விஞ்ஞான வகுப்பிற் கதிரியக்கம் பற்றிக் கேட்டுவந்த பிள்ளை அவன். அன்று விடை கூற இயலாது பாடத்தை முடித்துவிட்டேன். பின்னர்த் தேடிப் படித்தவிடத்து என் கண்ணில் எதிர்ப்பட்ட பெரியாரே வசிலி நெஸ்தெரென்கோ.

இவர் 1934 ஆம் ஆண்டு உக்ரேன் நாட்டின் லுகான்ஸ்க் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். மொஸ்கோவிலுள்ள பௌமன் தொழினுட்பக் கல்லூரியிற் கற்றுத் தேறிப் பெலாருஸ் சென்று, 1977 ஆம் ஆண்டில் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் அணுசக்தி நிறுவகத்துக்கு இயக்குநரானார். பார வண்டிகளில் ஏற்றி வேண்டிய இடத்துக்குக் கொண்டுசெல்லத்தக்க 'பாமீர்' என்னும் சிறிய அணுமின் நிலையத்தை ஆக்கும் வேலைக்கு அவரே தலைமை தாங்கினார். அணுவை வெறுத்தவர் அல்லர். அதனைத் தம் கையால் வடித்தவர். பிற்காலத்தில் அவர் கூறியவற்றை எடைபோடுவோர் இதனை மறத்தலாகாது.

1986 ஆம் ஆண்டு ஏப்ரில் 26 ஆந் திகதி செர்னோபில் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தபோது அவர் அலுவலாக மொஸ்கோவில் இருந்தார். செய்தி அறிந்தவுடன் மின்ஸ்க் நகருக்குத் தொலைபேசியில் உரைக்க முயன்றதாகவும், உலையைப்பற்றிப் பேசத் தொடங்கியதும் தொடர்பு அறுபட்டதாகவும் அவர் பின்னர்க் கூறியுள்ளார். ஊர் மீண்டு ஆட்சித் தலைவரின் வாயிலிலே நெடுநேரம் காத்திருந்தார். அவர் வேண்டியவை இரண்டே: குழந்தைகளுக்கு உடனே அயடீன் கொடுக்க வேண்டும், உலையைச் சூழ்ந்த நூறு கிலோமீற்றர் எல்லைக்குள் வாழ்வோரை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றத்துக்கு வகுக்கப்பட்டதோ முப்பது கிலோமீற்றர் எல்லை. அயடீனும் பெரும்பாலான குழந்தைகளுக்கு உரிய காலத்திற் கிடைக்கவில்லை.

அயடீனை அவர் அவ்வளவு வற்புறுத்தியதேன் என்பதை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். உலையினின்றும் வெளிப்பட்ட கதிரியக்க அயடீன் புல்லிற் படிந்து, பசுவின் வயிற்றிற் புகுந்து, பாலாய்க் குழந்தையிடம் வந்து சேர்கின்றது. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, நல்ல அயடீன் எது, நஞ்சாய அயடீன் எது என்று பிரித்தறியாது. வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். நல்லதை முன்னரே கொடுத்து நிறைத்துவிட்டால் தீயதற்கு இடமில்லை. குழந்தையின் சுரப்பியோ மிகச் சிறியது. குடிக்கும் பாலோ அதிகம். ஆதலால் அதே பாலைக் குடித்த தாயினும் பிள்ளையின் சுரப்பியே பன்மடங்கு கதிர்த்தாக்கத்தை ஏற்கின்றது. இன்னுமொன்று: அவ்வயடீன் எட்டு நாளுக்கொருமுறை பாதியாய்க் குறைவது. சில கிழமைக்குள் பிள்ளையின் கழுத்தருகே கருவியை வைத்து அளவாவிட்டால் சான்று தானே அழிந்துபோம். அளக்கப்படாத பிள்ளைகளின் கணக்கை, எங்கே இருந்தாய், எவ்வளவு பால் குடித்தாய் என்று ஆண்டுகள் கழித்து வினாவிக் கருதலால் மட்டுமே கூற இயலும்.

பெலாருஸில் அதுவரை அரிதாயிருந்த குழந்தைகளின் தைரொயிட்டுப் புற்றுநோய் 1990 ஆம் ஆண்டு முதல் வெளிப்படையாகப் பெருகிற்று. பெலாருஸ், உக்ரேன், ரஷ்யாவின் மாசுற்ற பகுதிகள் ஆகியவற்றில், விபத்தின்போது பதினெட்டு வயதுக்குட்பட்டிருந்தோரிடையே 2005 ஆம் ஆண்டுவரை 6,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது. பெரும்பாலோர் சிகிச்சையால் உயிர்பிழைத்தனர் என்பது ஆறுதல். ஆயினும் கழுத்திலே தழும்போடும் நாடோறும் விழுங்கும் மாத்திரையோடும் வளர்ந்த பிள்ளைகளை எண்ணுங்கால், ஓர் ஆசிரியனாக என் நெஞ்சு கனக்கின்றது.

1987 ஆம் ஆண்டில் நெஸ்தெரென்கோ இயக்குநர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். ஐம்பத்திரண்டு வயது. அவ்வயதிற் பதவியிழந்தவர் வீட்டிலிருந்து ஓய்வூதியத்தை எண்ணுவதே உலக வழக்கு. அவரோ 1990 ஆம் ஆண்டில், எழுத்தாளர் அதமோவிச், சதுரங்க வீரர் கார்ப்பொவ் முதலியோரின் துணையோடு, 'பெல்ராட்' என்னும் தனி நிறுவகத்தை ஆக்கினார். குடியானவர் வீட்டிலும் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய கதிர் அளவி ஒன்றைச் செய்வித்தார். அதன் பெயர் 'சொஸ்னா'. அம்மொழியில் அது ஊசியிலை மரமொன்றன் பெயராம். மாசுற்ற கிராமங்களில் 370 அளவை நிலையங்கள் அமைந்தன. அவற்றுட் பல பள்ளிக்கூடங்களிலேயே இருந்தன. நடத்தியோர் ஊர் ஆசிரியரும் தாதியரும். தாய்மார் பாலையும் காளானையும் கொண்டுவந்து அளந்து அறிந்து சென்றனர். அரசு பணத்தைக் குறைக்கக் குறைக்க, அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

அயடீன் போயினும் சீசியம் நின்றது. அது பாதியாவதற்கு முப்பது ஆண்டு செல்லும். பெலாருஸ் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு அதனாற் கறைபட்டது. குழந்தைகள் பெற்ற கதிர்த்தாக்கத்தை அரசு கணித்த முறை கருதலளவை: ஊரிற் சில பால் மாதிரியையும் கிழங்கு மாதிரியையும் சோதித்து, சராசரி கண்டு, அட்டவணையில் எழுதிவிடுவது. நெஸ்தெரென்கோ காண்டலை நாடினார். முழுவுடல் அளவிக் கருவியை வண்டியிலேற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினார். நாற்காலியிற் பிள்ளை சில நிமிடம் அசையாதிருந்தாற் போதும். உடலினுள்ளிருந்து வரும் கதிரை முதுகுப்புறத்துள்ள கருவி எண்ணிச் சொல்லிவிடும். இவ்வாறு இலட்சக்கணக்கான பிள்ளைகள் அளக்கப்பட்டனர். பல ஊர்களில் அட்டவணை கூறியதிலும் பிள்ளைகளின் உடல் கூறியது அதிகம். காரணம் எளிது: காட்டுக் காளானையும் காட்டுப் பழத்தையும் அட்டவணை உண்ணவில்லை, பிள்ளைகள் உண்டனர். ஏழை வீட்டுப் பிள்ளைகளே கூடுதலாக உண்டனர்.

அவர் கூறிய யாவும் ஐயமற்றவை என்று யான் சாதிக்க வரவில்லை. அப்பிள் பழத்தின் பெக்டின் தூளைக் கொடுத்தால் சீசியம் விரைந்து வெளியேறும் என்றார். அவரும் சேர்ந்து நடத்திய சோதனையொன்றில் 64 பிள்ளைகளுட் பாதிப்பேர் 21 நாள் அதனை உண்டனர்; மற்றையோர்க்கு வெறுந்தூள் கொடுக்கப்பட்டது; உண்டோரிடம் நூற்றுக்கு 63 அளவும், மற்றையோரிடம் 14 அளவுமே குறைந்ததாக 2004 இல் வெளியிட்டனர். பெக்டினின் பயனை ஏற்காத அறிஞர் பலர். யப்லொகொவ் என்பாரோடும் தம் மகனோடும் சேர்ந்து அவர் எழுதிய நூல், செர்னோபிலால் இறந்தோர் தொகையை ஏறத்தாழ பத்து இலட்சம் எனக் கூறிற்று. அதனைச் சர்வதேச நிறுவனங்கள் ஒப்பவில்லை. எனக்கும் அத்தொகை உடன்பாடன்று. இறந்தோரைக் கணித்தவிடத்து அவரும் கருதலளவைக்கே சென்றுவிட்டார் என்பேன். ஆனால் நாற்காலியிலிருந்த பிள்ளையின் உடலில் இவ்வளவு சீசியம் உண்டு என்பது வேறு கூற்று. அதனை மறுக்க விரும்புவோர் அப்பிள்ளையை மீண்டும் அதே நாற்காலியில் இருத்தியே மறுக்க வேண்டும்.

2008 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 ஆந் திகதி மின்ஸ்க் நகரில் அவர் காலமானார். நிறுவகத்தை மகன் அலெக்சி ஏற்றார். அளவி வண்டிகள் அதன் பின்னரும் பள்ளிகளுக்குச் சென்றன. இவற்றையெல்லாம் எழுதி முடித்து, வினாவிய மாணாக்கனிடம் முதலிற் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவன், நம் ஊரில் அந்த நாற்காலி எங்கே இருக்கின்றது ஐயா என்று கேட்டான்.