டப்பா மேல் ஒரு பெயர்: டாக்டர் சபூரோ

(மூன்றாமாண்டு மாணவன், கருவியியல் துறை)

ஆண்டு மலர் என்றாலே எடிசன், ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா என்று வாழ்க்கை வரலாறு வருவது வழக்கம். நல்லதுதான். ஆனால் நான் எழுத வந்திருப்பது தலையில் வரும் படர்தாமரைக்கு வைத்தியம் பார்த்த ஒரு பிரெஞ்சு டாக்டரைப் பற்றி. சிரிக்காதீர்கள் நண்பர்களே! என் அக்கா லேப் டெக்னீஷியன். அவள் வேலை செய்யும் இடத்து அலமாரியில் ஒரு டப்பா இருக்கும். மேலே 'சபூரோ டெக்ஸ்ட்ரோஸ் அகர்' என்று போட்டிருக்கும். ரசாயனத்தின் பெயர் போலத் தெரிகிற அந்த முதல் வார்த்தை ஒரு மனிதரின் பெயர். பூஞ்சைக் காளானை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

ரேமோன் சபூரோ 1864-ல் பிரான்சு நாட்டின் நான்த் நகரில் பிறந்தார். பாரீசில் மருத்துவம் படித்தார். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் கிருமிகளை வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். பிறகு சான் லூயி மருத்துவமனை. 1801 முதல் தோல் நோய்களுக்கென்றே பேர் போன இடம் அது. அவருடைய வாழ்நாள் உழைப்பெல்லாம் அங்கேதான்.

அந்தக் காலத்தில் தலைப் படர்தாமரை என்பது சாதாரண அரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கு வந்தால் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். அதனால் வந்தவனைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். மருத்துவமனையில் போட்டு வைப்பார்கள். எத்தனை நாள்? நாள் கணக்கே கிடையாது, வருஷக் கணக்கு! சான் லூயி வளாகத்துக்குள்ளேயே இந்தப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியம் என்ன? ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவது. அதற்கு முந்தைய தலைமுறையில் இன்னும் மோசம். தார் மாதிரியான பசையைத் தொப்பி போல் தலையில் ஒட்டி, காய்ந்ததும் அப்படியே பிய்த்து எடுப்பார்களாம். படிக்கும்போதே எனக்குத் தலை வலித்தது.

ஏன் பிடுங்க வேண்டும், மருந்து தடவினால் போதாதா? போதாது. இந்தப் பூஞ்சைக்கு ஆகாரம் கெரட்டின். நம் முடியும் நகமும் மேல்தோலும் ஆன அதே பொருள். அது முடியின் தண்டு வழியாகவே தோலுக்குள் இறங்கிவிடும். களிம்பு அவ்வளவு ஆழம் போகாது. பிடுங்கலாம் என்றால், பூஞ்சை தின்ற முடி உளுத்த குச்சி மாதிரி நடுவில் ஒடிந்து வேர் உள்ளேயே நின்றுவிடும். அதிலிருந்து மறுபடியும் நோய் தொடங்கும்.

நோய்க்குக் காரணம் பூஞ்சைதான் என்று முதலில் கண்டவர் சபூரோ அல்ல. டேவிட் க்ரூபி என்ற ஹங்கேரிக்காரர் 1841-லிருந்து 1844-க்குள் அதே பாரீசில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதி வைத்தார். பெரிய டாக்டர்கள் பலர் மதிக்கவில்லை. ஐம்பது வருஷம் அந்தத் தாள்கள் தூங்கின. சபூரோ 1892-ல் தொடங்கி, க்ரூபி சொன்னது சரிதான், நோயும் ஒன்றல்ல, வெவ்வேறு பூஞ்சைகளால் வரும் வெவ்வேறு நோய்கள் என்று நிரூபித்தார். க்ரூபி இறந்தது 1898-ல். உயிரோடு இருக்கும்போதே மரியாதை திரும்பக் கிடைத்த அதிர்ஷ்டசாலி.

சபூரோ எப்படி நிரூபித்தார்? இங்கேதான் நம்ம பாலிடெக்னிக் மூளைக்குப் பிடித்த விஷயம் வருகிறது. பூஞ்சை ஒரு வேஷக்காரன். உருளைக்கிழங்கில் வளர்த்தால் ஒரு நிறம், ரொட்டியில் வளர்த்தால் வேறு. ஒரு டாக்டர் புதுப் பூஞ்சை கண்டேன் என்பார், அடுத்த ஊர்க்காரருக்கு அது கிடைக்காது. சபூரோ ஒரே ஒரு சமையல் குறிப்பை எழுதினார். தண்ணீர் 1000 கிராம், மால்ட்டோஸ் சர்க்கரை 40, பெப்டோன் 10, அகர் 18. அகர் வேறொன்றுமில்லை, ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசி வகைதான். சர்க்கரையும் பெப்டோனும்கூட எப்போதும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பொருள் ஒன்று, அளவு ஒன்று என்று ஆனபிறகு பூஞ்சை மாறினால்தான் நிறம் மாறும். ஸ்டாண்டர்டு இல்லாமல் காலிபரேஷன் ஏது? எங்கள் லேபில் தினமும் கேட்கிற பாட்டு இது. இந்தக் கூழ் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது என்பதால் பாக்டீரியாவும் எளிதில் தலைதூக்காது. சர்க்கரை தின்றே பழகிய பூஞ்சை நாளடைவில் வெறும் வெள்ளைப் பஞ்சாகி அடையாளம் இழக்கிறது என்று கண்டு, சேமித்து வைக்க மட்டும் சர்க்கரை இல்லாத இன்னொரு கூழையும் செய்தார்.

இன்றைக்கும் முறை அதுதான். தோலின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் தோல் செல்கள் கரைந்து, பூஞ்சையின் நூல்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். கொஞ்சத்தைச் சபூரோ கூழில் போட்டு நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் ஹாஸ்டல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தொடையிடுக்கில் வட்டமாக அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கித் தடவுகிறோம். சிவப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, உள்ளுக்குள் பரவும். வட்டமே மறைந்து உருவம் மாறிப்போவதால் டாக்டருக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவி, 2020-ல் அதற்கு 'ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று இந்தியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெருமைப்படவா முடியும்!

சரி, பாரீசுக்குத் திரும்புவோம். நோயைப் பிரித்து அறிந்தாயிற்று, பிள்ளைகள் இன்னும் வார்டில்தான். 1895-ல் எக்ஸ்ரே வந்தது. அடுத்த வருஷமே வியன்னாவில் ஃப்ராய்ண்ட் என்பவர் அது முடியை உதிர்க்கும் என்று காட்டினார். ஆனால் எவ்வளவு நேரம் காட்டுவது? குறைந்தால் முடி விழாது, கூடினால் தோல் வெந்துவிடும், முடி திரும்ப முளைக்கவே முளைக்காது. அளக்கக் கருவி வேண்டும். சபூரோவும் உடன் உழைத்த நுவாரேயும் 1904-ல் சொன்ன கருவி ஒரு சின்ன வில்லை, அவ்வளவுதான். பேரியம் பிளாட்டினோசயனைடு பூசியது. எக்ஸ்ரே பட்டால் பச்சை நிறம் மாறி மஞ்சள் கலந்த பழுப்பாகும். பக்கத்தில் ஒரு மாதிரி நிறத்தை வைத்துக்கொண்டு, வில்லை அந்த நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வில்லையை வைப்பது தலையில் அல்ல, குழாய்க்கும் தலைக்கும் சரிபாதித் தூரத்தில். முதலாமாண்டு பிசிக்ஸை நினைத்துப் பாருங்கள். பாதித் தூரம் என்றால் நான்கு மடங்கு வீச்சு. வில்லைக்கு அதிகமாகவும் குழந்தைக்குக் குறைவாகவும் கிடைக்கும்.

ஒரே தடவை காட்டினால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் முடி வேரோடு கழன்று விழும், பூஞ்சையும் அதோடு போகும். சில மாதத்தில் புது முடி. வருஷக் கணக்கில் கிடந்த பிள்ளைகள் சில மாதத்தில் வீடு போனார்கள். 1910-ல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார்.

எல்லாமே சரியாகச் சொன்னவர் என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. வழுக்கைக்கும் புழுவெட்டுக்கும் ஒரு கிருமிதான் காரணம் என்று அடித்துச் சொன்னார், அது நிற்கவில்லை. அவர் வகுத்த பூஞ்சை இனங்களையும் 1934-ல் அமெரிக்காவின் எமன்ஸ் திருத்திக் குறைத்தார். ஓய்வு நேரத்தில் சிற்பம் செதுக்குவார், இசையிலும் நல்ல ஈடுபாடு.

சபூரோ 1938-ல் இறந்தார். மறு வருஷமே லண்டனில் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபுல்வினைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது வாய்வழி மாத்திரையாகப் படர்தாமரைக்குப் பயன்பட 1958 ஆயிற்று. அதுவரை சபூரோவின் எக்ஸ்ரேதான். உலகம் முழுக்க இரண்டு லட்சம் குழந்தைகள் வரை அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்த வில்லை முடி உதிரும் அளவைக் காட்டியது. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போனதை அது காட்டவில்லை. இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த வைத்தியம் நடந்தது. அவர்கள் வளர்ந்தபின் மூளைக் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் மற்றவர்களைவிட அதிகம் வந்ததை 1974-ல் பாருக் மோடன் குழு வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டத்தை இஸ்ரேல் 1994-ல் கொண்டுவந்தது. தலையில் எக்ஸ்ரே வாங்கிய பிள்ளைகளில் பலர் அப்போது தாத்தா, பாட்டி வயதை எட்டியிருந்தார்கள்.